காடு மீளும் கதை – 14: பெயர் எழுதாத மரங்கள்

சென்ற வாரம் மான்களைப் பற்றிப் பார்த்தோம். ஓநாய் ஒழிந்து, வேட்டைக்காகவே மான் பெருக்கப்பட்ட ஸ்காட்லாந்து மலைகளில் ஒரு பைன் கன்று கணுக்கால் உயரம் தாண்டுவதே பெரும்பாடு என்று எழுதியிருந்தேன். அதே மலைகளில்தான் இறந்தவர்களின் நினைவாக மரம் நடுகிறார்கள்.

லாக் நெஸ் ஏரிக்கு மேற்கே, கிளென் மோரிஸ்டன் பள்ளத்தாக்கில் டன்ட்ரெகன் என்றொரு எஸ்டேட் இருக்கிறது. பரப்பு 10,000 ஏக்கர். 2008-ல் ‘ட்ரீஸ் ஃபார் லைஃப்’ அறக்கட்டளை அதை விலைக்கு வாங்கியது. அறக்கட்டளையை நிறுவியவர் ஆலன் வாட்சன் ஃபெதர்ஸ்டோன். 1986-ல் ஃபிண்ட்ஹார்னில் நடந்த ஒரு மாநாட்டில், கலிடோனியக் காட்டை மீட்பேன் என்று எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தவர். மலைநாட்டின் பெரும்பரப்பை மூடியிருந்த அந்தக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றில் ஓரிரு பங்குதான்.

அப்பாவின் நினைவுக்கு, பிறந்த சில நாளிலேயே போய்விட்ட குழந்தைக்கு என்று மக்கள் இந்த அறக்கட்டளைக்குப் பணம் கட்டுகிறார்கள். ஒருவர் பெயரில் ஒரு தோப்பைத் தொடங்கிவிட்டால், உறவினரும் நண்பர்களும் அதில் மரங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். வீட்டுக்குச் சான்றிதழ் வரும். மலையில் மட்டும் பெயர்ப்பலகை கிடையாது. இதுதான் அப்பாவின் மரம் என்று யாரும் கைகாட்ட முடியாது.

சிலருக்கு இது மனக்குறையாக இருக்கும். எனக்கு இதுவே சரியென்று படுகிறது. பலகை மாட்டிய மரத்தைச் சாகவிட மனம் வராது. காட்டிலோ, நட்டதில் ஒரு பங்கு பட்டுப்போகத்தான் செய்யும். பட்ட பைன் பல பத்தாண்டுகள் நின்ற நிலையிலேயே வண்டுக்கும் பூஞ்சைக்கும் பறவைக்கும் இடம் கொடுக்கும். பூங்காவில் அதை வெட்டி அகற்றுவார்கள். காட்டுக்கு அந்தப் பட்டமரமும் வேண்டும்.

விதையிலும் கண்டிப்பு உண்டு. அங்குள்ள பூர்வீக பைன் காடுகளை மரபியல் வேறுபாட்டை வைத்து ஏழு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக் காட்டுக்கு அந்த மண்டலத்து விதைதான். ஆஸ்பென் மரம் அங்கே அபூர்வமாகவே பூக்கும் என்பதால் வேர்த்துண்டிலிருந்து கன்று எடுக்கிறார்கள். உயரமான சரிவுகளுக்குக் குட்டை பிர்ச். அது இடுப்பளவு வளர்ந்தாலே அதிகம். நினைவு மரம் என்றால் வானளாவ நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். அந்தக் குளிர்காற்றில் அந்தப் புதர்தான் காடு.

கன்று நடுவது எளிது. காப்பதுதான் பாடு. கிளென் அஃப்ரிக் என்ற இன்னொரு பள்ளத்தாக்கில் 1990-ல் ஓரிடத்தை மான் நுழையாதபடி வேலியடைத்தார்கள். உள்ளே ஒன்றுமே நட வேண்டியிருக்கவில்லை. ஆண்டுக்கணக்காக மேயப்பட்டுக் குட்டையாகக் கிடந்த பைன் கன்றுகள் தாமே நிமிர்ந்து வளர்ந்தன. அந்த வேலியிலும் ஒரு சங்கடம் உண்டு. தாழப் பறக்கும் கேப்பர்கெய்லி போன்ற பெரிய காட்டுப் பறவைகள் கம்பியில் மோதிச் செத்துப்போகின்றன. அதனால் கம்பி அவற்றின் கண்ணில் படும்படி மரச்சட்டங்களைக் கட்டுகிறார்கள். கெய்ர்ன்கார்ம் மலையில் மார் லாட்ஜ் எஸ்டேட்டை 1995-ல் வாங்கிய ‘நேஷனல் ட்ரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து’ வேறு வழியில் போனது. மான் எண்ணிக்கையையே குறைத்தது. அங்கும் பைன் தானாகவே முளைத்து மேலெழுகிறது.

பெயர் எழுதாத நினைவு மரம் அந்த மலைநாட்டுக்குப் புதிதல்ல. அங்கே வீட்டு வாசலில் ரோவன் மரம் வைப்பது பழைய வழக்கம். தீயது அண்டாது என்ற நம்பிக்கை. அதை வெட்டினால் ஆகாது. முன்பு நிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை ஊர் ஊராக விரட்டியடித்தபோது வீடுகள் இடிந்து சுவர்க்கற்கள் மட்டும் மிஞ்சின. பக்கத்தில் ரோவன் நிற்கும். யாருடைய வீடு என்பது பல இடங்களில் மறந்தே போயிற்று. அந்த மரத்தைக் கண்டுதான் அங்கே ஒரு குடும்பம் இருந்தது என்று தெரிகிறது.

2020-ல் டன்ட்ரெகனில் பொன்னிறக் கழுகு குஞ்சு பொரித்தது, 40 ஆண்டுகளுக்குப் பிறகு. அங்கே நினைவு மரத்துக்குப் பணம் கட்டியவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

உங்கள் வீட்டிலும் யார் நினைவாகவாவது மரம் வைக்க எண்ணினால், கன்றின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது, அந்த மண்ணில் அது முன்பு இருந்ததா, அடுத்த இருபது ஆண்டுகள் யார் காவல் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.

(தொடரும்)