மெத்தைக்குள் எவ்வளவு ரப்பர்?

‘நூறு சதவீத இயற்கை லேடக்ஸ்’ என்கிறது உறை. விற்பனையாளர் ஓரத்தை அழுத்திக் கையை எடுக்கிறார். மெத்தை துள்ளி எழுகிறது. தில்லி கீர்த்தி நகரானாலும் கோவையானாலும் இந்த வித்தையிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய பொருளை வாங்குபவர் கேட்கவேண்டியது வேறு. நூறு சதவீதம் என்பது முழு மெத்தைக்கா, அதிலுள்ள லேடக்ஸ் அடுக்குக்கு மட்டுமா?

பல மெத்தைகளில் மேலே ஓரிரு அங்குலம்தான் லேடக்ஸ். கீழே பாலியூரித்தேன் ஃபோம், அல்லது ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்திய ‘ரீபாண்டட்’ அடுக்கு. இது குற்றமல்ல, விலை குறையும். முழு லேடக்ஸின் விலையை இதற்குக் கொடுப்பதுதான் நஷ்டம். போதாக்குறைக்கு, பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை லேடக்ஸும் உண்டு. உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இயற்கை லேடக்ஸ் மலிவாக இருக்க முடியாததற்குக் காரணம் உண்டு. கேரளத் தோட்டங்களில் மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அம்மோனியா சேர்த்து, எந்திரத்தில் சுழற்றி அதை 60 சதவீதமாக்குகிறார்கள். பிறகு நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைக்கிறார்கள். கிட்டத்தட்ட இட்லிதான்! இது டன்லப் முறை. தலலே முறையில் அச்சிலுள்ள காற்றை உறிஞ்சி, நுரையை உறையவைத்த பிறகே வேகவைப்பார்கள். அது சீராகவும் மென்மையாகவும் இருக்கும், விலையும் கூடுதல். எது உயர்ந்தது என்ற வாதம் வீண். கெட்டியான படுக்கை பிடித்தவருக்கு டன்லப்பே போதும்.

விளம்பரத்தைவிட நம்பகமான சாட்சி தராசு. 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அங்குல உயரம் என்றால் ஏறத்தாழ கால் கன மீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 80 கிலோ என்று சொல்லப்படும் முழு லேடக்ஸ் மெத்தை சுமார் 20 கிலோ இருக்கவேண்டும். 12 கிலோதான் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. களிமண், சுண்ணாம்புத் தூள் சேர்த்து எடையை ஏற்றவும் முடியும் என்பதால் சான்றிதழையும் பார்க்கவேண்டும். ‘கோல்ஸ்’ முத்திரைக்கு 95 சதவீதத்துக்கும் குறையாமல் இயற்கை வேளாண் ரப்பர் பால் வேண்டும். சான்றிதழ் மூலப்பொருளுக்கா, நீங்கள் வாங்கும் மெத்தைக்கா என்பதையும் கவனியுங்கள்.

உத்தரவாதத்தில் வருடக் கணக்கு முக்கியமல்ல. எத்தனை அங்குலம் குழிவிழுந்தால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். ரப்பர் கையுறை பட்டாலே தோல் தடிப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கவேண்டாம்.

இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் காயவைத்துப் பழகிய வீடுகளுக்கு இன்னொன்று: லேடக்ஸுக்கு வெயில் ஆகாது, நொறுங்கத் தொடங்கிவிடும். நிழலில் காற்றாடவிட்டால் போதும்.