16.5 மில்லிமீட்டர் இருப்புப்பாதை

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க எங்கள் கிளைக்கு வரும் ஓய்வூதியர்களுள் ரயில்வேயில் பணியாற்றியவர்கள் பலர் உண்டு. அவர்களுள் ஒருவர் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். எங்கள் மேசைமீது இருந்த ஒரு சாண் நீள எஞ்சின் மாதிரியைச் சென்ற ஆண்டு சற்று நேரம் உற்று நோக்கினார். "இது டபிள்யூ.பி. சார்; எண் மட்டும் டபிள்யூ.ஜி.யுடையது" என்றார். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பதறுகிற தொழிலில் இருக்கும் எங்களுக்கு அது நாணத்தைத் தந்தது. அதன் பின்னரே எஞ்சின் வகைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம்.

ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்டு, உதிரிபாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க எஞ்சின்களின் தொகுதியே ஒரு வகை எனப்படும். சுதந்திரத்தை ஒட்டி வந்த இந்திய எஞ்சின்களில் முதல் எழுத்து பாதையைச் சொல்லும்: டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர் பாதை. இரண்டாம் எழுத்து வேலையைச் சொல்லும்: பி பயணிகளுக்கு, ஜி சரக்குக்கு. சக்கரங்களின் அமைப்பு மற்றோர் அடையாளம். டபிள்யூ.பி. 4-6-2 அமைப்புடையது, முன்னே நான்கு தாங்கு சக்கரங்கள், நடுவே ஆறு இயக்கு சக்கரங்கள், பின்னே இரண்டு. இவ்வமைப்புக்குப் 'பசிபிக்' என்று பெயர். 2-8-2 அமைப்புடைய டபிள்யூ.ஜி.யில் பாரம் இழுப்பதற்காக இயக்கு சக்கரங்கள் எட்டு. அவை விட்டத்தில் சிறியவை.

டபிள்யூ.பி.யின் பிறப்புக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. அதற்கு முந்தைய எக்ஸ்.பி. வகை, வேகத்தில் பக்கவாட்டில் ஆடித் தண்டவாளத்தையே வளைத்துவிடும் இயல்புடையதாக இருந்தது. 1937 ஜூலையில் பீகாரின் பிஹ்டா அருகே அவ்வகை எஞ்சின் பூட்டிய ரயில் தடம்புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்வகை எஞ்சின்களை ஆராயவே ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தப் படிப்பினைகளைக் கொண்டு உருவான டபிள்யூ.பி., 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் ஆலையிலிருந்து வந்திறங்கியது. பின்னர் கனடா, போலந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளிலும் நம் சித்தரஞ்சன் ஆலையிலும் கட்டப்பட்டு, 1967க்குள் எண்ணிக்கை 755ஐ எட்டியது. கூம்பு வடிவ முகப்பு, அதன்மேல் தீட்டிய நட்சத்திரம், பணிமனைக்குப் பணிமனை மாறும் வண்ணம், ஆலைக்கேற்ப மாறும் பெயர்ப்பலகை என ஒரே வகைக்குள் இத்தனை வேறுபாடுகள்! மாதிரி எஞ்சின் செய்வோர் மனத்தைப் பறிகொடுப்பது இங்குதான். அவர்களுக்கு வேண்டியது பொதுவான ஒரு டபிள்யூ.பி. அன்று, தம் ஊர் நிலையத்தில் புகை கக்கி நின்ற அந்த ஒன்று.

அதற்கு ஒரு கணக்குத் தடையாக நிற்கிறது. உலகில் பெரிதும் வழங்கும் எச்.ஓ. அளவு உண்மையில் 87இல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் பாதை 16.5 மில்லிமீட்டர் அகலம். அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்குப் பொருந்துவது. நம் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையைச் சுருக்கினால் 19.3 மில்லிமீட்டர் வரவேண்டும். வாங்கிய பாதையில் ஓட்டினால், அகன்ற உடல் ஒடுங்கிய கால்களில் நிற்பதுபோல் தோன்றும். சரியாக வேண்டுமென்றால் தண்டவாளம் முதல் அச்சு வரை கையால் செய்ய வேண்டும். சிலர் செய்கிறார்கள், எங்களுக்கு அப்பொறுமை இல்லை. மீட்டர் பாதை விரும்பிகள் பாடு மேல். சுருக்கினால் 11.5 மில்லிமீட்டர்; 12 மில்லிமீட்டர் பாதை ஆயத்தமாகவே விற்கிறது. சுவிட்சர்லாந்தில் கட்டப்பட்ட நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகையைச் செய்ய நினைப்போருக்கு இது நற்செய்தி. ஆனால் நடுவிலுள்ள பல் தண்டவாளம் வேறொரு தலைவலி.

எங்கள் மாதிரி ஒடுங்கிய பாதையில்தான் நிற்கிறது. எண்ணை மட்டும் திருத்திவிட்டோம். இந்த நவம்பரில் வந்த பெரியவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எஞ்சினின் உட்புறத்தைக் குனிந்து நோக்கினார். டிரைவர் ஒருவர், ஃபயர்மேன் ஒருவர் என இரண்டு சென்டிமீட்டரும் இல்லாத இரு உருவங்கள் அங்கே நின்றன.

"ஃபயர்மேன் இரண்டு பேர் சார். இரண்டாவது ஆள் எங்கே? நான் சேர்ந்தது அந்த வேலையில்தான்" என்றார்.

மூன்றாவது உருவத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.