உங்களுக்குத் தெரியுமா? சாட்பாட்டின் காதுகள்!

சாட்பாட் பேசுவதற்காகப் பிறந்தது என்றா நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! 24 மணி நேரமும் அது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அந்தக் காதுக்குப் பெயர்தான் லிசனர்!

நோட் ஜேஎஸ்ஸில் ‘ஆன்’ போட்டால் ஈவென்ட், அதாவது நிகழ்வு, நடக்கும் ஒவ்வொரு முறையும் கேட்கும். ‘ஒன்ஸ்’ போட்டால் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுத் தானாகவே கழன்றுகொள்ளும்!

ஒரே ஈவென்ட்டுக்கு 10 லிசனர் மாட்டுங்கள், சத்தமே வராது. 11-வதை மாட்டியதும் மெமரி கசிகிறதோ என்று எச்சரிக்கை வரும். ஆனாலும் பதினொன்றும் வேலை செய்யும்!

‘எரர்’ ஈவென்ட்டுக்கு மட்டும் லிசனர் வைக்க மறந்துவிடாதீர்கள். அது கிளம்பும்போது கேட்க ஆளில்லை என்றால் மொத்த புரோகிராமும் படுத்துவிடும்!

ஈவென்ட் பெயரில் ஒரே ஓர் எழுத்து தப்பினால்? எந்த எச்சரிக்கையும் வராது. லிசனர் பாட்டுக்குக் காத்திருக்கும், அழைப்பு மட்டும் வரவே வராது!

“வணக்கம்” வந்தால் “வணக்கம்” சொல்லும் சாட்பாட்டை டிஸ்கார்டில் எழுதிப் பாருங்கள். அது சொன்ன வணக்கமும் அதன் காதிலேயே வந்து விழும். உடனே இன்னொரு வணக்கம். அதற்கும் ஒன்று! அனுப்பியது சாட்பாட் என்றால் கண்டுகொள்ளாதே என்று ஒரு ‘இஃப்’ வரி போடுங்கள், கப்சிப்!

டிஸ்கார்ட் ஸ்லாஷ் கட்டளைக்குப் பதில் சொல்லக் கெடு வெறும் 3 விநாடி! “யோசிக்கிறேன்” என்று ஒரு சேதி தட்டிவிட்டால் போதும், அதே கெடு 15 நிமிடமாக நீளும்!

செய்தியைப் படிக்கும் அனுமதி வாங்காத டிஸ்கார்ட் சாட்பாட்டுக்குக் குழுவில் யார் பேசினார், எப்போது பேசினார் எல்லாம் தெரியும். என்ன பேசினார் என்ற இடம் மட்டும் காலி! @ போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தச் செய்தி முழுசாகக் கிடைக்கும்!

டிஸ்கார்ட் பை நூலகத்தில் ‘ஆன் மெசேஜ்’ எழுதியதுமே பழைய முன்னொட்டுக் கட்டளைகள் எல்லாம் ஊமையாகிவிடும்! ‘புராசஸ் கமாண்ட்ஸ்’ என்று ஒரே வரி சேர்த்தால் வாய் திறக்கும்!

உங்கள் டெலிகிராம் சாட்பாட் தூங்கிவிட்டதா? கவலை வேண்டாம். வந்த சேதிகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை பத்திரமாக வைத்திருக்கும். எழுந்து கேட்டால் ஒரே மூச்சில் 100 வரை அள்ளித் தரும்!

டெலிகிராம் பட்டனை அழுத்தினால் லிசனருக்குப் போகும் ரகசியச் சீட்டில் இருப்பது 64 பைட் இடம்! தமிழில் ஒரு “வணக்கம்” 21 பைட். மூன்று வணக்கம் எழுதினால் 63. மிச்சம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு பைட்!