வண்டி நல்ல நிலையில், வயதுதான் தடை

புது தில்லி: தலைநகரின் கரோல் பாக் பகுதியில் பழைய வாகனங்களை வாங்கி விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. வண்டி பார்க்க வருபவர் என்ஜின் மூடியைத் திறக்கச் சொல்வதுதான் முன்பெல்லாம் வழக்கம். கடந்த சில ஆண்டுகளில் அந்த முதலிடத்தைப் பதிவுச் சான்று பிடித்துக்கொண்டது. டீசலா, பெட்ரோலா, பதிவான ஆண்டு எது என்பதைப் பார்த்த பிறகே பேரம் தொடங்குகிறது.

படுக்கையும் சிறு சமையல் மேடையும் பொருத்திய டீசல் சுற்றுலா வேன் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுக்கு இரண்டொரு முறை இமாசலப் பிரதேசத்துக்கோ ராஜஸ்தானுக்கோ குடும்பத்தோடு சென்று வந்து, மற்ற நாள்களில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி. பத்து ஆண்டுகளில் ஒரு வாடகைக் கார் ஓடும் தொலைவில் சிறு பங்கைக்கூட அது ஓடியிருக்காது. இருந்தும் தில்லியில் இரண்டுக்கும் ஒரே வயது வரம்புதான்.

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் ஓடக் கூடாது என்று 2014 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. டீசல் வாகனங்களுக்கு இந்த வரம்பு 2015 ஏப்ரலில் பத்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 2018 அக்டோபர் 29-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மோட்டார் வாகனச் சட்டமோ தனியார் வாகனத்துக்குப் பதினைந்து ஆண்டுப் பதிவும், தகுதி இருந்தால் மேலும் ஐந்தைந்து ஆண்டு நீட்டிப்பும் தருகிறது. சட்டம் கேட்பது தகுதி. தலைநகர் கேட்டது வயது.

உத்தரவுகள் ஏட்டளவில் இருந்தவரை எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2025 ஜூலை 1-ல் நிலைமை மாறியது. வயது கடந்த வண்டிகளுக்கு எரிபொருள் கிடையாது என்ற காற்றின் தர மேலாண்மை ஆணையத்தின் உத்தரவு நடைமுறைக்கு வந்தது. பெட்ரோல் நிலையங்களில் எண் பலகையைப் படிக்கும் கேமராக்களும் காவலர்களும் நின்றனர். தில்லியில் மட்டும் இவ்வாறு பாதிக்கப்படக்கூடியவை சுமார் 62 லட்சம் வாகனங்கள் என்று சொல்லப்பட்டது. நல்ல நிலையிலுள்ள கார்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட நேர்ந்ததாகப் பலர் புலம்பினர். நடுத்தர வர்க்கத்தின் கோபம் தேர்தல் அரசியலில் எவ்வளவு விரைவாக எதிரொலிக்கும் என்பதற்கு அடுத்த சில நாள்களே சாட்சி. இரண்டே நாளில் தில்லி அரசு ஆணையத்துக்குக் கடிதம் எழுதியது. ஒரு வாரத்துக்குள் உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் அந்த அரசே உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்று ஆகஸ்ட் 12-ல் இடைக்கால உத்தரவு பிறந்தது.

அதுவும் நான்கு மாதமே முழுமையாக நீடித்தது. குளிர்காலப் புகைமூட்டம் நகரைக் கவ்வியிருந்த டிசம்பர் 17-ல் நீதிமன்றம் உத்தரவைத் திருத்தியது. பாரத் ஸ்டேஜ் 4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கே பாதுகாப்பு. அதற்குக் கீழுள்ளவற்றின் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்றது.

விற்பதென்றாலும் தேசியத் தலைநகர்ப் பகுதிக்கு வெளியேதான் விற்க வேண்டும். நொய்டாவும் குருகிராமும் மட்டுமல்ல, மீரட்டும் ராஜஸ்தானின் அல்வரும்கூட இப்பகுதிக்குள் அடங்கும். எனவே வாங்குபவரைத் தொலைவில் தேட வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று, பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் எண் படிவங்கள், புதிய மாநிலத்தில் மீண்டும் வரி என்று செலவு கூடுகிறது; அவ்வளவும் விற்பவரின் விலையில்தான் கழிகிறது. சுற்றுலா வேனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தயாரிப்பாளரின் வடிவமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போட்டது பதிவுச் சான்றில் ஏறவில்லையென்றால், விவரம் தெரிந்தவர் அதை வாங்கத் தயங்குவார்.

இத்தனை அலைச்சலுக்கு அஞ்சி, கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு சாவியைத் தரகரிடம் கொடுத்துவிடுவோர் உண்டு. இதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பல கை மாறிய கார் ஒன்றின் விபத்து வழக்கில், பணம் வாங்கி விற்றுவிட்டாலும் ஆவணத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 10-ல் செங்கோட்டை அருகே வெடித்த கார் ஹரியாணா பதிவெண் கொண்டது. அதுவும் பலர் கைக்கு மாறியிருந்தது. புலனாய்வாளர்கள் முதலில் தட்டியது பதிவுச் சான்றில் பெயர் இருந்தவரின் கதவைத்தான்.

தில்லியை விட்டுப் போகும் வண்டி புகையையும் கூடவே கொண்டுபோகிறது என்பது எவரும் அதிகம் பேசாத செய்தி. பிகார் போன்ற மாநிலங்களுக்குப் பழைய டீசல் வண்டிகள் சென்று சேர்கின்றன. அம்மாநிலத்தின் பாட்னா, முசாபர்பூர், கயா ஆகிய நகரங்களோ 2019-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றவை. தலைநகரின் நுரையீரலுக்கு ஆகாத புகை அங்குள்ளவர்களுக்கு எப்படி ஆகும் என்ற கேள்வி தில்லி நீதிமன்ற விவாதங்களில் அரிதாகவே ஒலித்தது.

அந்தச் சுற்றுலா வேனுக்கு வருவோம். தில்லியில் நான்கு சக்கர வாகனங்களுக்கு ஸ்டேஜ் 4 தரம் 2010 ஏப்ரலில் கட்டாயமானது. 2014-ல் பதிவான வேன் என்றால் டிசம்பர் உத்தரவில் தப்பிவிடும். 2009-ல் பதிவான அதே மாதிரி வேன், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தப்பாது. அதன் உரிமையாளருக்கு எஞ்சியவை இரண்டே வழிகள்: தொலைதூர மாநிலத்தில் வாங்குபவர் ஒருவர், அல்லது எடைக்கு விலை பேசும் பழைய இரும்புக்காரர்.