ஆட்டோ டயர் வெடித்தால்...

ஓடுகிற ஆட்டோவில் டயர் வெடித்த மறு நொடி, ஓட்டுநரின் வலது கால் பிரேக்கை ஓங்கி மிதிக்கத் துடிக்கும். அந்தக் காலை அடக்கிவிட்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

காரணம் வண்டியின் அமைப்பு. மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களைக் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். அதன் அகலமான பக்கம் பின்னால் இருக்கிறது. எஞ்சினும் பயணிகளும் அங்கேதான் என்பதால் சாதாரண ஓட்டத்தில் வண்டி நிலையாக நிற்கிறது. சடாரென்று பிரேக் போட்டால் பாரம் முன்னே, முக்கோணத்தின் கூர்முனைக்குப் பாய்கிறது. அந்த நேரத்தில் ஹேண்டிலையும் வெட்டினால் கவிழ்வதைத் தடுக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் இதேபோல் முன்னால் ஒற்றைச் சக்கரம் கொண்ட கரடுமுரடுப் பாதை வண்டிகளில் விபத்துகள் பெருகியதால், 1988-ல் தயாரிப்பாளர்கள் அவற்றின் விற்பனையையே நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.

பின் டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கமே இறங்கி, அந்தப் பக்கமே இழுக்கும். இடது டயரென்றால் சாலையோரம் போகும். வலது டயர்தான் பொல்லாதது. எதிரே வரும் பேருந்தை நோக்கி இழுக்கும். இரண்டு கைகளாலும் ஹேண்டிலை இறுகப் பிடித்து, இழுப்பை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் மெல்லத் திருப்ப வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், கிளச்சைப் பிடிக்காதீர்கள். கியரில் இருக்கும் எஞ்சினே வேகத்தைக் குறைக்கும். பயணிகள் பதறி ஒரு பக்கம் சாயவோ குதிக்கவோ கூடாது. கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருப்பதே அவர்கள் செய்யக்கூடிய உதவி.

முன் டயர் என்றால் ஹேண்டில் உதறும், கனக்கும். திருப்பாமல் நேராகவே ஓடவிட்டு, வேகம் நன்றாகத் தணிந்த பிறகு பிரேக்கை இலேசாகத் தொட்டு ஓரங்கட்டலாம்.

நின்றதும் ஆட்களை இடப்பக்கமாக இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வைத்துவிட்டுத்தான் ஸ்டெப்னியைத் தொட வேண்டும். சக்கரம் மாற்றுவது எளிது. நம் ஆட்டோவின் மூதாதையான வெஸ்பா ஸ்கூட்டரை 1946-ல் உருவாக்கிய இத்தாலியப் பொறியாளர் கொராதினோ தஸ்கானியோ, முன்சக்கரத்தையும் ஒரே பக்கத்தில் தாங்கி, கழற்ற வசதியாக அமைத்தார். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆட்டோவின் ரிம் இரண்டு பாதிகளாக நட்டு போட்டு இணைக்கப்பட்டது. டியூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும்.

டயர் முன்னறிவிப்பில்லாமல் வெடிப்பது அபூர்வம். காற்று குறைவாக ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கூடுதல் ஆள் ஏற்றினால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். மூன்று சக்கர வண்டி டயரில் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்கிறது விதி. சிறு டயர்களுக்கு அதுவரை காத்திருக்காமல் மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. வாடகை வண்டி ஓட்டுபவருக்குப் புது டயர் பெரிய செலவு என்பது தெரியும். அதற்காகப் பாளம் பாளமாக வெடித்த மொட்டை டயரைப் பிள்ளைகள் போகும் வண்டியில் மாட்ட முடியாது.

பள்ளி ஆட்டோவில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, மாதக் கட்டணம் கொடுக்கும் நாளில் அந்த மூன்று டயர்களையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் நாலு பெற்றோர் சேர்ந்து செலவில் பங்கு கொடுங்கள்.