கிளைக்கதையும் நாவலின் அளவும்

நாவல் எழுதப் புகுவோர் முதலில் கேட்பது, "எத்தனை பக்கம் எழுதலாம்?" என்பதே. இதற்கு விடை, "எத்தனை கதைகளைப் பின்னப் போகிறீர்கள்?" என்ற மற்றொரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

காவிரியை நினைத்துப் பாருங்கள். பவானியும் நொய்யலும் அமராவதியும் வந்து கலக்கக் கலக்க அது பெருகுகிறது. முக்கொம்பிலோ கொள்ளிடம் பிரிந்து, நீரைத் தன் வழியே கொண்டு செல்கிறது. கிளைக்கதை பவானியைப் போல இருத்தல் வேண்டும்; கொள்ளிடத்தைப் போல அன்று. அது வந்து சேர்ந்தபின் மூலக்கதைக்கு வேகமோ ஆழமோ கூடியதா? இதுவே உரைகல்.

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' 1875-இல் பத்திரிகைத் தொடராக வரத் தொடங்கியது. அன்னாவின் கதை ஒன்று. லெவினின் கதை மற்றொன்று. இருவரும் நாவல் முழுவதிலும் ஒரே முறைதான் சந்திக்கிறார்கள். அதுவும் ஏழாம் பாகத்தில்! ஆயினும் நூல் இரண்டாகப் பிளக்கவில்லை. இல்லறம் எதனால் நிலைக்கிறது, எதனால் சிதைகிறது என்ற ஒரே வினாவுக்கு இரு கதைகளும் இரு விடைகள் தருகின்றன. நிகழ்ச்சியால் இணையாவிடினும் பொருளால் இணைந்திருக்கின்றன.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வெளிவந்து ஐந்து பாகங்களாக விரிந்தது. நந்தினியின் வஞ்சமும் பழுவேட்டரையரின் சதியும் சோழ அரியணையையே சுற்றி வருகின்றன. படகோட்டும் பூங்குழலியின் கதைகூட இறுதியில் அங்கேயே போய்ச் சேருகிறது. ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' இதற்கு நேர்மாறு. ஒரு கிழவர், ஒரு படகு, ஒரு பெரிய மீன். கிளை இல்லாமையால், 1952-இல் 'லைஃப்' பத்திரிகையின் ஒரே இதழில் முழுதும் அடங்கிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு கிளைக்கும் தோற்றம், திருப்பம், முடிவு என மூன்று அத்தியாயமாவது வேண்டும். மூலக்கதைக்கு 15 எனில், இரு கிளைகள் சேர 21 ஆகும். அத்தியாயத்துக்குப் பத்துப் பக்கம் என்றால் 210 பக்கம். ஆய்வுக்கூடத்துக் கட்டத்தாள் ஒன்றை எடுங்கள். குறுக்கே அத்தியாயங்களையும் மேலிருந்து கீழாகக் கதைகளையும் எழுதி, கதை வரும் கட்டத்தில் புள்ளி வையுங்கள். ஒரு வரிசையில் நீண்ட வெற்றிடம் தெரிந்தால், வாசகர் அக்கதையை மறந்திருப்பார். கடைசிப் புள்ளி மூலக்கதையைத் தொடாவிட்டால் அது கொள்ளிடம்தான்.

இதை நான் பட்டே அறிந்தேன். மணமான மறு மாதமே கும்பகோணத்திலிருந்து மொழி தெரியாத டில்லிக்கு வந்த என் தாயைப் பற்றி எழுதத் தொடங்கினேன். பெரியப்பாவின் நிலவழக்கு, அடுத்த வீட்டுப் பஞ்சாபியரின் கடை, விடுதி நண்பனின் காதல் என்று 14 அத்தியாயங்கள் வளர்ந்தன. விடுமுறையில் அம்மா படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதிலே நான் எங்கேடா?" என்றாள்.

கட்டத்தாளில் குறித்துப் பார்த்தேன். அம்மாவின் வரிசையில் ஐந்தே புள்ளிகள்! வழக்கையும் காதலையும் நீக்கினேன். பஞ்சாபியர் கடை மட்டும் நின்றது. அங்கேதான் அம்மா முதல் இந்திச் சொல்லைக் கற்றாள். திருத்தி எழுதியபின் ஒன்பது அத்தியாயம் ஆயிற்று. ஒன்பதிலும் அம்மா இருக்கிறாள்.

ஊர்விட்டு வந்த நம் வீடு ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கதை உண்டு, நண்பர்களே. அது யாருடைய கதை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; எத்தனை பக்கம் என்பது பின்னர்த் தானே தெரியும்.