வெளிக்கள முகாமுக்குச் செல்லும்போது முதுகுப்பையில் இருக்க வேண்டியவை

வீட்டு வசதிகளை விட்டு நீங்கி, இயற்கைச் சூழலில் தங்கி, தமது தேவைகளைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளும் வெளிக்களச் செயற்பாடே முகாமிடல் ஆகும். சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இப்பகுதியிலிருந்து வினா வந்தால் மாணவர் பலர் பொருட்களின் பட்டியலை மனனஞ் செய்து எழுதிவிடுவர். "காரணம் தருக" என்று கேட்டால் தடுமாறுவர். பைக்குள் செல்லும் ஒவ்வொரு பொருளும் ஓர் ஆபத்தைத் தடுப்பதற்காகவே செல்கிறது. ஆபத்து எதுவென அறிந்தால் பட்டியலை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை நோக்குவோம். டிக்கோயாவிலுள்ள ஒரு பாடசாலையின் மாணவர்கள் சனவரி மாதத்தில் ஆசிரியர்களுடன் ஹோர்ட்டன் சமவெளியில் ஓர் இரவு தங்கச் செல்கின்றனர் எனக் கொள்வோம். இச்சமவெளி 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இங்கு முகாமிட வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன்அனுமதி தேவை. ஹட்டனில் புகையிரதம் ஏறும் மாணவர்கள், இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலயில் (1,891 மீற்றர்) இறங்கி, அங்கிருந்து மேலும் உயரத்துக்குச் செல்ல வேண்டும்.

1. குளிரிலிருந்து பாதுகாப்பு

உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஹட்டன் ஏறத்தாழ 1,260 மீற்றர் உயரத்திலும் ஹோர்ட்டன் சமவெளி ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலும் உள்ளன. வேறுபாடு 840 மீற்றர். எனவே,

0.84 × 6.5 = 5.46 பாகை

அதாவது, ஹட்டனைவிட அங்கு ஏறத்தாழ ஐந்தரைப் பாகை குளிர் அதிகம். முகிலற்ற சனவரி இரவில் தரை தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. "நமக்குப் பழகிய குளிர்தானே" என்று எண்ணி ஒரே சட்டையுடன் செல்வது தவறு.

தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது சிறந்தது. இடையில் அடைபடும் காற்று வெப்பத்தை வெளியேறவிடாது. கம்பளிச் சட்டை, காதை மூடும் தொப்பி, இரண்டு சோடிக் காலுறை ஆகியவை அவசியம். உறங்கும்போது தரையும் கடத்தல் மூலம் உடல் வெப்பத்தை உறிஞ்சும். ஆதலால் மேலே போர்வை இருந்தால் மட்டும் போதாது. கீழே விரிக்கப் பாயோ சாக்கோ வேண்டும். பழைய பத்திரிகைத் தாள்களைப் பல மடிப்பாக விரித்தாலும் பயன் கிடைக்கும்.

2. நனையாமை

நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எனவே நனைந்த ஆடையுடன் இருப்பவர் விரைவில் உடல் வெப்பத்தை இழப்பார். உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழ் இறங்கினால் நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம், தூக்கக் கலக்கம் என்பன தோன்றும். உயிருக்கே ஆபத்து நேரலாம். கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் மழைநாளில் தலையையும் முதுகையும் நன்றாக மூடிக்கொண்டே மலைக்குச் செல்வதன் நியாயமும் இதுவே.

மழைக்கவசம், இரவில் மட்டும் அணிவதற்கான ஒரு தொகுதி உலர் ஆடை, துவாய் என்பவற்றை எடுத்துச் செல்லுங்கள். உலர் ஆடையை நீர் புகாத, மீண்டும் பயன்படுத்தக்கூடிய பையில் வைத்து, பகலில் அதைத் தொடாதிருக்க வேண்டும்.

3. நீரும் உணவும்

2,100 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் குறைவாதலால் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக அதிக நேரமும் எரிபொருளும் தேவைப்படும். காய்ந்த புல்வெளியில் தீ எளிதில் பரவும் என்பதால் நினைத்த இடத்தில் அடுப்பு மூட்டவும் இயலாது. ஆகவே தேங்காய் ரொட்டி, அவித்த கடலை, பிஸ்கட், பேரீச்சம்பழம் போன்ற, சமைக்காமல் உண்ணக்கூடிய உணவே ஏற்றது. ஒருவருக்கு ஒரு நீர்ப்போத்தல் கட்டாயம் வேண்டும். ஓடை நீரை அருந்த நேர்ந்தால், அனுமதிக்கப்பட்ட இடத்தில் வைத்து மூன்று நிமிடம் கொதிக்கவைத்த பின்னரே அருந்த வேண்டும்.

4. இருளும் காயமும்

மின்சூள், மேலதிக பற்றரி, விசில், முதலுதவிப் பெட்டி ஆகியன இதற்குரியன. மூடுபனியில் வழி தவறியவர் கத்திக் களைப்பதைவிட விசில் ஊதுவது நன்று. அவர் இருந்த இடத்திலேயே இருப்பது தேடுவோருக்கு உதவும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, பந்தனத் துணி, தொற்றுநீக்கி, கத்தரிக்கோல், ஜீவனி ஆகியவை இருத்தல் வேண்டும். ஆஸ்துமா போன்ற நோயுள்ளவர் தமது மருந்தைத் தம்மிடமே வைத்திருப்பதோடு ஆசிரியரிடமும் முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

5. அடுக்கும் முறை

பையின் நிறை உடல் நிறையின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நன்று. 45 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் 9 கிலோகிராமுக்கு மேல் சுமக்கலாகாது. போர்வையையும் உலர் ஆடையையும் அடியிலும், பாரமானவற்றை நடுவில் முதுகை ஒட்டியும், மழைக்கவசத்தை மேலேயும் வைக்க வேண்டும். பாரம் முதுகை விட்டு விலகினால் புவியீர்ப்பு மையம் பின்னோக்கிச் செல்லும். ஏற்றத்தில் சமநிலை தவறும். கூடாரம், கயிறு, கேத்தல் போன்ற பொதுப் பொருட்களைக் குழுவினர் பகிர்ந்து சுமக்கலாம்.

6. திரும்பக் கொண்டுவர வேண்டியவை

மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீரூட்டும் ஓடைகள் இச்சமவெளியில் தோன்றுகின்றன. அங்கு எறியப்படும் குப்பை, மரைகளின் வயிற்றுக்கோ கீழே வாழ்வோரின் நீருக்கோ சென்று சேரும். பொலித்தீன் உறைகளைப் பூங்காவினுள் கொண்டுசெல்லவும் தடை உண்டு. எனவே உணவை மூடியுள்ள பெட்டியில் எடுத்துச் சென்று, கழிவுகளை இடுவதற்கு ஒரு துணிப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே, மேலே கூறப்பட்டவற்றுள் பெரும்பாலானவை நம் வீடுகளில் உள்ளவையே. விலையுயர்ந்த பை இல்லை என்பதற்காக எவரும் பின்னிற்க வேண்டியதில்லை. புறப்படுவதற்கு முதல்நாள் பையை நிரப்பி, தோளில் மாட்டி, லயத்துப் படிகளில் பத்து நிமிடம் ஏறி இறங்கிப் பாருங்கள். எது தேவை, எது சுமை என்பது அப்போதே விளங்கும்.

மாதிரி வினா

நனைந்த காலுறையுடன் ஒரு மாணவன் கூடாரத்தில் உறங்கச் செல்கிறான்.
(அ) அவனுக்கு ஏற்படக்கூடிய தீங்கு யாது?
(ஆ) அதற்குக் காரணம் தருக.
(இ) அதனைத் தவிர்க்க அவன் பையில் இருந்திருக்க வேண்டிய இரு பொருட்களைக் குறிப்பிடுக.

விடைக் குறிப்பு

(அ) உடல் வெப்பநிலை குறைதல்.
(ஆ) நீர் காற்றைவிட விரைவாக வெப்பத்தைக் கடத்துதல்.
(இ) மேலதிகக் காலுறை, அதனை உலர்வாக வைத்திருக்கும் நீர் புகாத பை.